கல் தேரும் கடகடத்த காரும்

புதுக்கோட்டைப் பக்கம் போவதற்கு எங்கள் குழுவினருக்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்படுவதில்லை. சித்தன்னவாசல் ஓவியங்கள், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, கொடும்பாளூர் மூவர்கோயில், நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரம் என்று ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய தொலைவுக்குள் இத்தனை செல்வங்களை வைத்திருக்கும் மாவட்டம் வேறெது? ஆனால் இக்கட்டுரை அவற்றுள் எதைப் பற்றியதும் அன்று. ஒரு சாண் நீளமுள்ள இரும்புத் துண்டைப் பற்றியது. வரலாற்று ஆர்வலர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் வாசகர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

அன்று எங்கள் இலக்கு குன்றாண்டார்கோயில். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் கீரனூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பிச் செல்லவேண்டும். நெடுஞ்சாலையில் அமைதியாக வந்த எங்கள் கார், கிராமச் சாலையில் இறங்கியதும் இடப்பக்க முன்சக்கரத்தின் அருகிலிருந்து 'கடகட'வென ஓசையெழுப்பத் தொடங்கியது. இந்த ஓசை எங்களுக்குப் புதிதன்று. இரு வாரங்களுக்கு முன் நகரத்துப் பணிமனை ஒன்றில் காட்டியபோது, முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றவேண்டும் என்று சொல்லிப் பெரியதொரு தொகையையும் எழுதித் தந்திருந்தார்கள். தொகையைப் பார்த்த பிறகு ஓசை அவ்வளவாகக் காதில் விழவில்லை என்பதே உண்மை.

குன்றாண்டார்கோயிலில் குன்றைக் குடைந்து எடுத்த பழமையான குடைவரை இருக்கிறது. பல்லவர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டது. அதன் முன்னே, பிற்காலத்தில் விஜயநகரப் பாணியில் எழுப்பப்பட்ட நூற்றுக்கால் மண்டபம். குதிரைகள் பூட்டிய தேராகவே அதை வடித்திருக்கிறார்கள். கல்லில் சக்கரம், சக்கரத்தில் ஆரக்கால், இழுத்துச் செல்லும் முனைப்போடு குதிரைகள். எங்கள் குழுவின் மூத்த உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருமான ஐயா, அச்சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது, ஒரு சிறு சத்தம் உண்டா பாருங்கள்" என்றார். "ஓடாத தேருக்குச் சத்தம் எங்கிருந்து வரும் ஐயா?" என்று உடனிருந்த தம்பி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

கீரனூரை நெருங்கும்போது வளைவொன்றில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. ஓட்டியவர் வலப்புறம் ஒடித்து, உடனே இடப்புறம் திருப்பினார். குட்டி பிழைத்தது. ஆனால் கார் வழக்கத்தைவிட அதிகமாக ஒருபக்கம் சாய்ந்து, 'டக்'கென்ற பேரோசையுடன் நிமிர்ந்தது. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த ஐயாவின் தலை கண்ணாடியில் மோதியது. பெரிய அடி இல்லை. என்றாலும், அடுத்து நார்த்தாமலை செல்வது என்ற திட்டம் அந்த நொடியே கைவிடப்பட்டது. கீரனூரில் கண்ணில் பட்ட முதல் பட்டறையில் வண்டியை நிறுத்தினோம்.

* * *

பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, ரோட்டுக்குக் குறுக்கால முழுசாப் போட்டிருக்கிற வேகத்தடையில ஏறுறப்போ சத்தம் வருதா? இல்ல, ஒரு சக்கரம் மட்டும் குழியில எறங்குறப்போ வருதா?"

யோசித்துப் பார்த்தோம். வேகத்தடைகளில் ஓசை வந்ததாக நினைவில்லை. ஒற்றைக் குழிகளில்தான் வந்தது.

"அப்ப ஷாக்கு நல்லாத்தான் இருக்கும். லிங்க் ராடு போயிருக்கும். பாத்துருவோம்."

அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. காரின் முன்பக்க அடியில், இடச் சக்கரத்திலிருந்து வலச் சக்கரம் வரை வளைந்து செல்லும் உருக்குத் தண்டு ஒன்று உண்டு. ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். சாய்வுத் தடுப்புத் தண்டு என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ்களின் துணையோடு வண்டியின் அடிச்சட்டத்தில் பொருந்தியிருக்கும். இரு முனைகளையும் சக்கரத்தின் சஸ்பென்ஷனோடு பிணைப்பவை இரண்டு குட்டையான தண்டுகள். இவையே லிங்க் ராடுகள்.

இரு சக்கரங்களும் ஒரே சமயத்தில் மேலேறினால் தண்டு முழுவதும் சேர்ந்து மேலெழும்; அதற்கு வேலையில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்புறம் சாய்கிறது. வெளிப்பக்கச் சுருள்வில் அமுங்க, உட்பக்கச் சுருள்வில் விரிகிறது. அப்போது தண்டின் ஒரு முனை மேலும் மறுமுனை கீழுமாக இழுபட்டு, தண்டு முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய உருக்கு நேராக முயலும் விசைதான் சாய்வை எதிர்க்கிறது. ஒற்றைச் சக்கரம் குழியில் இறங்கும்போதும் இதே முறுக்கு ஏற்படும். அம்முறுக்கு முழுவதும் லிங்க் ராடின் இரு முனைகளிலும் உள்ள பால் ஜாயிண்டுகளின் வழியாகவே கடந்தாக வேண்டும். அங்கே மயிரிழை இடைவெளி விழுந்தாலும், ஒவ்வொரு குழியிலும் தள்ளலும் இழுப்பும் மாறிமாறி வரும்போது இரும்போடு இரும்பு மோதும். வேகத்தடையில் மௌனமும் குழியில் ஓசையும் ஏற்படக் காரணம் இதுவே.

முன்பக்கத்தை இரு புறமும் ஒரே உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினார். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் ராடு இறுக்கமாக இருப்பதுபோல் பாசாங்கு செய்யும். கழற்றும்போது கையையும் பதம் பார்த்துவிடும் என்றார். சக்கரத்தைக் கழற்றியதும் எங்களுக்கே தெரிந்தது. மேல் மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளிருக்க வேண்டிய கிரீஸ் வெளியேறிவிட்டது. அந்த இடத்தில் புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் புகுந்து, பசைபோல் இறுகிக் கிடந்தது. மணலும் மண்ணும் சேர்ந்து மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துத் தின்றிருக்கின்றன. அவர் விரலால் அசைத்துக் காட்ட, அதே 'கடகட'.

புதிய லிங்க் ராடு கீரனூரில் கிடைக்கவில்லை. திருச்சிக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னார். புதுக்கோட்டைப் பேருந்தில் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவதாகப் பதில் வந்தது. ஒன்று போதாதா என்று கேட்டோம். "ரெண்டும் ஒரே மண்ணுலதான் ஓடியிருக்கு தம்பி. ஒன்ன மாத்தினா இன்னொன்னு அடுத்த மாசம் கூப்பிடும்" என்றார். பேருந்து வரும்வரை பட்டறை வாசலில் போட்டிருந்த விசுப்பலகையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அந்தக் காத்திருப்பில் விளைந்தது.

* * *

சாய்வைத் தடுக்கும் தண்டு எப்போது தேவைப்பட்டது? கட்டைவண்டிக்கு அது தேவைப்படவில்லை. கட்டைவண்டியில் வில்லே கிடையாது. இருசுக் கட்டையின் மேல் பாரம் நேராக அமரும். குடம், ஆரக்கால், வட்டை, மேலே இரும்புப் பட்டா. சக்கரம் கழலாதிருக்க இருசின் முனையில் கடையாணி. உராய்வைக் குறைக்க, கருக்கிய வைக்கோலையும் எண்ணெயையும் குழைத்துச் செய்த வண்டி மை. தேய்வது எது, தேயாமல் காப்பது எது என்று வண்டியோட்டிக்கு நன்றாகத் தெரியும். திருவள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியையும், அளவுக்கு மீறி ஏற்றினால் மயிலிறகுக்கும் முறிந்துவிடும் அச்சையும் உவமையாக்கியபோது, கேட்டவர்களுக்கு உரை தேவைப்பட்டிருக்காது.

அடுத்த படி வில்வண்டி. பட்டைப் பட்டையாக உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த வில்களை வண்டியின் அடியில் வைக்கும் முறை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஒபதையா எலியட் என்பவர் காப்புரிமை பெற்ற பிறகு பரவலாயிற்று. நம்மூருக்கு வந்தபோது பெயரும் தமிழாகவே அமைந்தது. வில்வண்டி என்பது வசதி படைத்தோரின் அடையாளம். ஆயினும் மாட்டின் வேகத்தில் செல்லும் வண்டி வளைவில் எவ்வளவு சாய்ந்துவிடப் போகிறது? அங்கும் சாய்வுத் தடுப்புக்கு வேலையில்லை.

மோட்டார் வந்த பிறகுதான் கதை மாறுகிறது. மோட்டார் வரலாற்றில் புதுக்கோட்டைக்குத் தனியிடம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியிலிருந்த இச்சமஸ்தானத்தின் தலைநகரை, திவான் சேஷையா சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நேர்நேரான தெருக்களோடு திருத்தியமைத்தார். ஆனால் இரயில் வரவில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப் பாதை வந்தது 1929இல்தான். அதுவரை எல்லாம் சாலை வழிதான். அந்த இடைவெளியில், 1912இல், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார் டி.வி. சுந்தரம் ஐயங்கார். பின்னாளில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி.வி.எஸ். என்ற பெருங்குழுமமாக வளர்ந்தது அவர் தொடங்கிய நிறுவனமே.

அக்காலச் சாலைகளில் மாட்டு லாடங்களிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் பேருந்துச் சக்கரங்களைப் பதம் பார்த்தனவாம். அதற்காகக் காந்தம் பொருத்திய வண்டியொன்றை விட்டுச் சாலையிலுள்ள ஆணிகளைத் திரட்டினார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியோட்டும் கலன்களையும் அவர் செய்வித்தார். பேருந்து விடுவது என்பது வண்டி வாங்குவதோடு முடிவதில்லை, ஆணி முதல் அச்சு வரை பராமரிப்பதுதான் என்ற பாடத்தை இச்சாலைகள் மிக முன்னதாகவே கற்பித்திருக்கின்றன.

ஆனால் அக்கால மோட்டார்களிலும் சாய்வுத் தடுப்புத் தண்டு அரிது. கனடா நாட்டின் பிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919 ஏப்ரலில் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். என்றாலும் இரண்டாம் உலகப்போர் வரை பெரும்பாலான கார்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. காரணம் எளிது. விறைப்பான வில்பட்டைகள் பயணிகளின் எலும்பைக் குலுக்கின. அதே விறைப்பு சாய்வையும் ஓரளவு தடுத்தது. 1950களுக்குப் பின் மென்மையான சுருள்வில்கள் பரவின. குலுக்கம் குறைந்தது, சாய்வு மிகுந்தது. சுகத்தைக் குறைக்காமல் சாய்வை மட்டும் குறைக்க ஒரு வழி தேவைப்பட்டது. கோல்மனின் தண்டுக்கு அப்போதுதான் நல்லகாலம் பிறந்தது.

பட்டறைக்காரர் தொழில் கற்றது அம்பாசடரில். அதன் முன்சக்கரங்களுக்கு முறுக்குத் தண்டே வில்லாக இருந்தது, பின்னால் வில்பட்டை. "அதுல எல்லாமே பெருசு பெருசா இருக்கும். தேஞ்சா பட்டறைபோட்டு, புஷ் அடிச்சு ஓட்டிருவோம்" என்றார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் சாய்வுத் தடுப்புத் தண்டு உண்டு. ஆனால் தனியாக லிங்க் ராடு இல்லை. தண்டின் முனையே கீழ்க்கையில் ரப்பர் புஷ்ஷோடு நேராகப் பொருந்தி, சக்கரத்தை முன்பின் நகராமல் பிடித்துவைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. பின்வந்த கார்கள் பலவற்றில் அவ்வேலைகள் பிரிக்கப்பட்டு, இன்று நாம் காணும் குட்டை லிங்க் ராடு வந்து சேர்ந்தது. புஷ் தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிய காலம் போய், மூடி முத்திரையிட்ட மூட்டைத் தண்டோடு சேர்த்தே தூக்கியெறியும் காலம் வந்தது.

வரிசையைக் கவனியுங்கள். சுகம் வேண்டி வில் வந்தது. வேகம் வந்ததும் வில்லுக்குத் துணையாகத் தண்டு வந்தது. தண்டைப் பிணைக்க லிங்க் ராடு வந்தது. அதன் மூட்டைக் காக்க ஒரு கைப்பிடி கிரீஸும் மெல்லிய ரப்பர் உறையும் வந்தன. நூற்றாண்டுக் கால முன்னேற்றத்தின் கடைசிக் காவலாளி அந்த ரப்பர் உறைதான். அது கிழிந்ததை நாங்கள் இரு வாரங்களாகக் காதில் கேட்டும் கேளாதவர்களாக இருந்திருக்கிறோம்.

* * *

பேச்சு மீண்டும் தேருக்கு வந்தது. 2022 ஜூலை 31 அன்று புதுக்கோட்டை திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயிலின் ஆடித் திருவிழாத் தேர், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே முன்புறமாகக் கவிழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலர் காயமுற்றனர். அவர்களுள் மூதாட்டி ஒருவர் பின்னர் உயிரிழந்தார். பட்டறைக்காரர் அந்நிகழ்வைச் சொன்னபோது குரல் தாழ்ந்தது. உயரமான உடல், குறுகிய அடித்தளம், மேலே குவிந்த பாரம். தேருக்கும் காருக்கும் கவிழ்தலின் கணக்கு ஒன்றுதான். காருக்குத் தண்டும் லிங்க் ராடும் உண்டு. தேருக்கு உள்ளவை முட்டுக்கட்டை போடுவோரின் கையும் கண்ணும், வடம் பிடிப்போரின் நிதானமும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியதும் இதே கவலையின் விளைவுதான்.

குன்றாண்டார்கோயில் கல் தேர் பேசாது. ஓடும் தேர் எதுவாயினும் தேயும், தேய்வதைச் சொல்லும். "சத்தம் போடுற சாமான் நல்ல சாமான் தம்பி. அது முன்கூட்டியே சொல்லுது. நாமதான் பாட்டைச் சத்தமா வச்சுக்கிட்டுப் போறோம்" என்றார் அவர். எங்கள் ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். இரு வாரங்களாக அவர் செய்தது அதைத்தான்.

பேருந்து வந்தது. நடத்துநர் பொட்டலத்தை நீட்டினார். பட்டறைக்காரர் வேலையில் இறங்கினார். துருவேறிய மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் ஊறவிட்டார். நட்டைத் திருகும்போது மூட்டின் முளையும் கூடவே சுற்றும் என்பதால், முளையின் நுனியிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் சாவியைக் கொடுத்து நிறுத்திக்கொண்டு, நட்டை மட்டும் கழற்றினார். பழைய நட்டை மீண்டும் போடவில்லை. புதியதன் உள்ளே நைலான் வளையம் இருக்கிறது; அதிர்வில் தளராது. கடைசி இறுக்கத்தைக் கை பலத்துக்கு விடாமல், டார்க் ரெஞ்ச் கொண்டு முடித்தார். இரு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. லிங்க் ராடுகளுக்கும் கூலிக்குமாக நாங்கள் கொடுத்தது, நகரத்துப் பணிமனை எழுதித் தந்த தொகையில் மிகச் சிறிய பங்கு.

அதே கிராமச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தோம். ஒற்றைக் குழிகள் அப்படியே இருந்தன. ஓசை இல்லை. ஆடு பாய்ந்த வளைவில் கார் சமமாகத் திரும்பியது.

* * *

புறப்படும் முன் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "இத்தனையும் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?"

"எழுதி என்னங்கய்யா பண்றது? பயலுக கத்துக்க வர்றதில்ல. வந்தவனும் வெளிநாடு போயிட்டான்" என்று சிரித்தார் அவர்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரைக் கல்வெட்டில் கண்டு மகிழ்பவர்கள் நாம். அவன் எந்த ஆப்பை எங்கே அடித்தான், எந்த ஓசையைக் கேட்டுக் கல்லின் குறையை அறிந்தான் என்பது கல்வெட்டில் இல்லை. அந்த அறிவு கையிலிருந்து கைக்குப் போயிற்று; போகாத இடங்களில் அழிந்தது. குழியில் வரும் ஓசையையும் வேகத்தடையில் வராத ஓசையையும் கொண்டு நோயறியும் அறிவும் அவ்வகைப்பட்டதே. கடையாணி, இருசு, வட்டை, வண்டி மை ஆகிய சொற்களை நம்மில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அறிவார்கள்? நாளை, புஷ் அடிப்பதும் பட்டறை போடுவதும் அவ்வாறே அகராதிக்குள் போய்ச் சேரும்.

எனவே குழுவாக ஒன்று தீர்மானித்திருக்கிறோம். இனி எங்கள் பயணங்களில் கல்வெட்டுகளைப் படியெடுப்பதோடு, வழியில் சந்திக்கும் தச்சர், கொல்லர், பட்டறைக்காரர் ஆகியோரிடம் அவரவர் தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்வோம். கீரனூர்க்காரரிடமிருந்து முதற்பக்கம் நிரம்பிவிட்டது. வாசகர்களும் தத்தம் ஊரில் இதைச் செய்யலாம். பெரிய செலவொன்றும் இல்லை.

அன்று நார்த்தாமலை ஏற வெளிச்சம் போதவில்லை. புதுக்கோட்டையில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் ஏறினோம். பழைய லிங்க் ராடு ஐயாவின் மேசையில் தாள் பறக்காமலிருக்க வைக்கும் பாரமாக இருக்கிறது. மேசையை இடித்துவிட்டால் இன்றும் 'கடகட' என்கிறது.